நாலணா உறுப்பினர் – 6: நோய்ப்படுக்கையில் ஒரு ராஷ்டிரபதி

1939 ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. காங்கிரஸின் பிரதிநிதிகள் அந்தந்த மாகாணத்தில் கூடி வாக்களித்தார்கள். திரிபுரியில் நடக்கவிருந்த மாநாட்டுக்குத் தலைவர் சுபாஷ் சந்திர போஸா, பட்டாபி சீதாராமையாவா என்பதே கேள்வி. எண்ணி முடித்தபோது போஸுக்கு 1,580, பட்டாபிக்கு 1,377. வித்தியாசம் 203.

ஏப்ரல் 29-ஆம் தேதி, சரியாக மூன்று மாதம் கழித்து, ஜெயித்தவர் ராஜினாமாக் கடிதத்தை வாசித்துவிட்டு இறங்கினார். இடைப்பட்ட நாட்களில் யாரும் அவர் வெற்றியைச் செல்லாது என்று சொல்லவில்லை. மறு வாக்கெடுப்பும் இல்லை, நம்பிக்கையில்லாத் தீர்மானமும் இல்லை. அப்படியிருந்தும் அந்த 1,580 வாக்குகள் பயனற்றுப் போயின. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். போஸுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்ற அளவில் இந்தக் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. தாலுகா கமிட்டியில் நாலணா கட்டி, தன் பகுதிக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய சாதாரண உறுப்பினருக்கு அந்த மூன்று மாதத்தில் என்ன கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்பதுதான் அது.

இந்தத் தொடரை நடுவில் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1920 டிசம்பரில் நாகபுரியில், சேலம் சி. விஜயராகவாச்சாரியார் தலைமையில் கூடிய மாநாட்டில்தான் காங்கிரஸ் ஒரு கட்சிக்குரிய உருவத்தைப் பெற்றது. அதற்கு முன்பு பொதுக்கூட்டங்களும் சங்கங்களும் யாரை வேண்டுமானாலும் பிரதிநிதி என்று அனுப்பிவைக்கும். நாகபுரிக்கே அப்படி 14 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து குவிந்திருந்தார்கள். அங்கே நிறைவேறிய புதிய சட்டதிட்டத்தின்படி 21 வயது நிறைந்தவர், காங்கிரஸின் குறிக்கோளை எழுத்து மூலம் ஏற்று, ஆண்டுக்கு நாலணா கட்டினால் உறுப்பினர். மாகாணங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டன. 50,000 மக்களுக்கு ஒரு பிரதிநிதி என்று கணக்கு வகுக்கப்பட்டது. அகில இந்திய கமிட்டிக்கு 350 பேர், அதற்கு மேலே 15 பேர் கொண்ட காரியக் கமிட்டி. கிராமத்தில் நாலணா கொடுத்தவரிடமிருந்து காரியக் கமிட்டி வரை ஒரே ஏணி போடப்பட்டது. இந்தியாவில் அதற்கு முன் எந்த அரசியல் அமைப்பும் இதைச் செய்ததில்லை.

ஆனால் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வேலை அந்த ஏணியின் அடிப்படிக்கு இறங்கவில்லை. மாகாணக் கமிட்டிகள் பெயரைச் சிபாரிசு செய்யும், மாநாடு நடக்கும் ஊரின் வரவேற்புக் கமிட்டி அதை ஏற்கும், சிக்கல் வந்தால் அகில இந்திய கமிட்டி முடிவெடுக்கும். 1929-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லாகூர் மாநாட்டுக்குப் பத்து மாகாணக் கமிட்டிகள் காந்தியின் பெயரையும், ஐந்து வல்லபாய் படேலின் பெயரையும், மூன்று மட்டும் ஜவாஹர்லால் நேருவின் பெயரையும் அனுப்பின. காந்தி மறுத்துவிட்டார். செப்டம்பர் 28-ஆம் தேதி லக்னோவில் கூடிய அகில இந்திய கமிட்டி, காந்தியின் விருப்பப்படி நேருவைத் தேர்ந்தெடுத்தது. மூன்றாம் இடத்தில் நின்றவர் தலைவரானார். அவர் தலைமையில்தான் பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறியது. ஆகவே அந்தத் தேர்வைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. முடிவு நல்லதாக அமைந்துவிட்டால் அது எடுக்கப்பட்ட வழியை யாரும் கேட்பதில்லை. பத்து ஆண்டு கழித்து அதே வழி வேறொரு முடிவைத் தந்தபோதுதான் கேள்வி எழுந்தது.

உறுப்பினர் கட்டணத்தையும் சும்மா விட்டுவைக்கவில்லை. 1924 பெல்காம் மாநாட்டில் நாலணாவுக்குப் பதில் மாதம் 2,000 கஜம் நூல் என்று விதி வந்தது. கையால் நூற்காதவர் காங்கிரஸ்காரர் ஆக முடியாது என்பது காந்தியின் உறுதி. பலர் விலகிப்போனார்கள். மறு ஆண்டே பாட்னாவில் நாலணா திரும்பி வந்தது, நூல் விருப்பத்துக்கு விடப்பட்டது. ராட்டை சுற்றத் தெரியாத ஏழை உறுப்பினருக்கு இடம் மிஞ்சியது.

பெரிய மாற்றம் 1934 அக்டோபரில் பம்பாயில் வந்தது. காந்தி காங்கிரஸின் உறுப்பினர் பொறுப்பிலிருந்தே விலகிய மாநாடு அது. விலகுவதற்கு முன் சட்டதிட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டுத்தான் போனார். பிரதிநிதிகளின் எண்ணிக்கை 2,000-க்கு மேல் போகக் கூடாது. அதில் பெரும்பகுதி கிராமப்புறத்துக்கு. ஒரு பிரதிநிதியை அனுப்ப வேண்டுமானால் அந்தப் பகுதியில் குறைந்தது 500 உறுப்பினராவது சேர்ந்திருக்க வேண்டும். தலைவரை எல்லாப் பிரதிநிதிகளும் தத்தம் மாகாணத்திலிருந்தே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் தன் காரியக் கமிட்டியைத் தானே நியமிப்பார். இந்தக் கடைசி இரண்டு விதிகளையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திரிபுரியில் மோதிக்கொண்டவை இவை இரண்டும்தான்.

2,000 என்ற வரம்பு பிறகு தளர்த்தப்பட்டது. ஆனால் விதி வந்து நாலு ஆண்டுகள் வரை அதற்கு வேலையே இருக்கவில்லை. பெயர்கள் முன்மொழியப்படும், மற்றவர்கள் விலகுவார்கள், ஒருவர் மிஞ்சுவார். பைஸ்பூர் மாநாட்டுக்கு நேருவுக்கு வழிவிட்டு விலகியபோது படேல் ஓர் அறிக்கை விட்டார். காங்கிரஸ் தலைவருக்குச் சர்வாதிகார அதிகாரம் எதுவும் கிடையாது, அவர் ஓர் அமைப்பின் அவைத்தலைவர்தான் என்பது அதன் சாரம். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1938 பிப்ரவரியில் ஹரிபுராவில் 41 வயது போஸ் போட்டியின்றித் தலைவரானார். காந்தியின் சம்மதத்தோடுதான். அந்த நாளில் காங்கிரஸ் தலைவரை ராஷ்டிரபதி என்று அழைப்பார்கள். அந்த ஓராண்டில் தேசியத் திட்டக் கமிட்டியை அமைத்தார், ஊர் ஊராகச் சுற்றினார். ஆண்டு முடியும்போது அவருக்கும் காரியக் கமிட்டியின் மூத்தவர்களுக்கும் இடையே ஒரு சந்தேகம் வளர்ந்திருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் மாகாண சுயாட்சிப் பகுதி மட்டுமே நடைமுறைக்கு வந்திருந்தது. சமஸ்தான மன்னர்களையும் சேர்த்து மத்தியில் அமைக்க வேண்டிய சமஷ்டி ஆட்சி பாக்கியிருந்தது. எட்டு மாகாணங்களில் மந்திரிசபை நடத்தும் கட்சி, அந்தச் சமஷ்டி விஷயத்திலும் ஆங்கிலேயரோடு சமரசத்துக்குப் போய்விடும் என்று போஸ் பயந்தார். மூத்தவர்கள் அப்படி ஓர் எண்ணமே தங்களுக்கு இல்லை என்றார்கள். ஆதாரமில்லாமல் பழி சுமத்துகிறார் என்று வருந்தவும் செய்தார்கள். இந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். சக தலைவர்களின் நாணயத்தைச் சந்தேகிக்கும் வகையில் போஸ் வெளியிட்ட சொற்களுக்கு அவர் கடைசி வரை தக்க சான்று தரவில்லை.

1939 ஜனவரியில் மூன்று பெயர்கள் இருந்தன: மௌலானா ஆசாத், போஸ், பட்டாபி. ஆசாத் விலகிக்கொண்டு பட்டாபிக்கு ஆதரவு சொன்னார். மசூலிப்பட்டினத்து வைத்தியர், ஆந்திரா வங்கியை நிறுவியவர், காங்கிரஸின் அதிகாரபூர்வ வரலாற்றை எழுதியவர் பட்டாபி. நல்ல மனிதர், அறிவாளி. ஆனால் மக்களிடம் போஸுக்கு இருந்த ஈர்ப்பில் பாதிகூட அவருக்கு இல்லை.

அடுத்த சில நாட்களில் பத்திரிகைகளில் நடந்த அறிக்கைப் போர் இந்தத் தொடரின் மையக் கேள்வியையே தொடுகிறது. அதனால் அதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 21-ஆம் தேதி போஸ் சொன்னது இதுதான்: மற்றச் சுதந்திர நாடுகளில் நடப்பதைப் போலக் காங்கிரஸிலும் தலைவர் தேர்தல் குறிப்பிட்ட பிரச்சினைகள், குறிப்பிட்ட வேலைத்திட்டம் இவற்றின் அடிப்படையில் நடக்க வேண்டும். போட்டி வந்தால் கெடுதல் இல்லை. நான்தான் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. சமஷ்டியை உறுதியாக எதிர்க்கும் ஆசார்ய நரேந்திர தேவ் போன்ற ஒருவரை நிறுத்தினால் விலகிக்கொள்கிறேன்.

ஜனவரி 24-ஆம் தேதி பர்தோலியிலிருந்து பதில் வந்தது. வல்லபாய் படேல், ராஜேந்திர பிரசாத், கிருபளானி, பூலாபாய் தேசாய், ஜம்னாலால் பஜாஜ், ஜெயராம்தாஸ் தௌலத்ராம், சங்கரராவ் தேவ் என ஏழு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். ஏழு பேரும் போஸின் காரியக் கமிட்டி உறுப்பினர்கள். கொள்கையையும் வேலைத்திட்டத்தையும் முடிவு செய்வது தலைவர் தேர்தல் அல்ல, காங்கிரஸ் மாநாடும் கமிட்டிகளும்தான் என்றார்கள். தலைவர் என்பவர் அவைத்தலைவரைப் போன்றவர், நாட்டின் ஒற்றுமைக்கு அடையாளம். ஆகவே அந்தத் தேர்தல் ஒருமனதாக நடப்பதே மரபு. ஒரே ஆள் மறுபடி நிற்க அசாதாரணக் காரணம் வேண்டும், அப்படி எதுவும் இப்போது இல்லை, பட்டாபிக்கு வழிவிடுங்கள்.

போஸ் விடவில்லை. காரியக் கமிட்டியின் உறுப்பினர்கள் தேர்தலில் ஒரு பக்கமாக அணிதிரண்டு அறிக்கை விடுவது முறையா என்று கேட்டார். பிரதிநிதிகளைத் தங்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விடுங்கள் என்றார். தலைவரே காரியக் கமிட்டியை நியமிக்கிறார் என்ற 1934 விதிக்குப் பிறகு அவரை வெறும் அவைத்தலைவர் என்று சொல்ல முடியாது, அவர் நிலை பிரதம மந்திரியைப் போன்றது என்பதும் அவர் வாதம். அல்மோராவில் ஓய்விலிருந்த நேரு இரு பக்கமும் சேராமல் ஓர் அறிக்கை விட்டார். சமஷ்டி குறித்துக் கட்சிக்குள் பிளவே இல்லை என்றார்.

இரண்டு வாதங்களையும் எத்தனை முறை படித்தாலும் எனக்குப் போஸின் பக்கமே சட்டம் இருந்ததாகத் தோன்றுகிறது. மூவாயிரம் பிரதிநிதிகளைக் கூட்டி வாக்குச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் தேர்ந்தெடுப்பது ஓர் அடையாளத்தை மட்டும்தான், கொள்கையை அல்ல என்று சொல்வது அந்தப் பிரதிநிதியைச் சிறுமைப்படுத்துவதாகும். ஒருமனதான தேர்தல் என்ற மரபுக்கு ஓர் அழகு உண்டுதான். அந்நிய ஆட்சியை எதிர்த்து நிற்கும் இயக்கத்துக்கு ஒற்றுமை எவ்வளவு தேவை என்பதும் புரிகிறது. ஆனால் அந்த ஒருமனம் எங்கே தயாராகிறது என்ற கேள்விக்குப் பர்தோலி அறிக்கையில் பதில் இல்லை. தாலுகா கமிட்டிகளில் அது தயாராகவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மாகாணவாரியான எண்ணிக்கை சுவாரசியமானது. வங்காளத்தில் போஸ் 404, பட்டாபி 79. ஐக்கிய மாகாணத்தில் 269-க்கு 185. பஞ்சாபில் 182-க்கு 86. குஜராத், பீகார், ஒரிசா, மகாராஷ்டிரம், ஆந்திரம் ஆகியவை பட்டாபியின் பக்கம். தமிழ்நாட்டில் போஸுக்கு 110, பட்டாபிக்கு 102. சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக ராஜாஜி இருந்த நேரம் அது. அவர் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் கண்ணெதிரே, அவருடைய சொந்த மாகாணக் கமிட்டியின் பிரதிநிதிகள் எட்டு வாக்கு வித்தியாசத்தில் எதிர்ப்பக்கம் போனார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் போஸின் பக்கம் நின்றவர்களில் ஒருவர். அந்த 110 பேரும் இடதுசாரிகள் அல்ல. என் கணிப்பில், மந்திரிசபை வந்த பிறகு மேலே இருப்பவர்கள் தங்களைக் கேட்காமலே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள் என்ற மனக்குறைதான் அவர்களில் பலரை அந்தப் பக்கம் தள்ளியது.

ஜனவரி 31-ஆம் தேதி காந்தியின் அறிக்கை வந்தது. போஸ் மறுபடி நிற்பதைத் தாம் முதலிலிருந்தே விரும்பவில்லை என்றும், பட்டாபியை விலகாமல் இருக்கச் செய்தது தாமே என்பதால் இந்தத் தோல்வி பட்டாபியைவிடத் தமக்கே அதிகம் சொந்தம் என்றும் எழுதினார். போஸ் தம் விருப்பம் போல ஒத்த கருத்துள்ள கமிட்டியை அமைத்து வேலைத்திட்டத்தை நடத்தலாம், உடன்பட முடியாத சிறுபான்மையினர் விலகிக்கொள்ளலாம் என்றார். அதே அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. காங்கிரஸின் பதிவேடுகளில் போலி உறுப்பினர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், அமைப்பு ஊழல்பட்டு வருகிறது என்று எச்சரித்தார்.

போலி உறுப்பினர் குற்றச்சாட்டைத் தோற்றவர் சொல்லும் சமாதானம் என்று தள்ளிவிடக் கூடாது. முப்பதுகளின் நடுவில் சில லட்சமாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 1939-இல் சுமார் 45 லட்சமாக உயர்ந்திருந்தது. மந்திரிசபை கையில் இருக்கும் கட்சிக்குக் கூட்டம் வருவது இயல்பு. ஆனால் அந்த வளர்ச்சி முழுவதும் தானாக வந்ததல்ல. உள்ளூரில் செல்வாக்குத் தேடுபவர் ரசீதுப் புத்தகங்களை மொத்தமாக வாங்கிக்கொள்வார், பெயர்களை நிரப்புவார், நாலணாக்களையும் தாமே கட்டிவிடுவார். படிவத்தில் பெயர் உள்ளவருக்குத் தாம் காங்கிரஸ் உறுப்பினர் என்பதே தெரிந்திருக்காது. அந்தப் பெயர்களைக் காட்டி ஒரு பிரதிநிதி ஜெயிப்பார், அந்தப் பிரதிநிதி தலைவருக்கு வாக்களிப்பார். இது போஸின் ஆதரவாளர்களும் செய்தது, எதிர்ப்பாளர்களும் செய்தது. அடிமட்ட உறுப்பினருக்கு வாக்குரிமை கொடுத்த அதே விதி, அவர் பெயரைக் களவாடவும் வழி திறந்துவிட்டது. இன்று வரை எந்தக் கட்சியும் இந்த ஓட்டையை முழுக்க அடைத்ததாக நான் அறியவில்லை.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. காந்தியின் அறிக்கை தம்மைப் புண்படுத்தியதாகவும், வாக்காளர்கள் காந்திக்கு எதிராக வாக்களிக்கவில்லை என்றும், இந்தியாவின் மாமனிதரின் நம்பிக்கையைப் பெறாவிட்டால் தம் வெற்றிக்குப் பொருளில்லை என்றும் போஸ் பதில் சொன்னார். பிப்ரவரி நடுவில் வார்தாவுக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். திரும்பும்போதே காய்ச்சல். பிப்ரவரி 22-ஆம் தேதி வார்தாவில் காரியக் கமிட்டி கூடவிருந்தது. வர முடியவில்லை, கூட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்று தந்தியடித்தார். அன்றே 12 உறுப்பினர்கள் ராஜினாமா செய்தார்கள். நேரு தனியாக ஓர் அறிக்கை விட்டு ஒதுங்கினார். பதினைந்து பேர் கமிட்டியில் மிஞ்சியவர்கள் போஸும் அவர் அண்ணன் சரத் சந்திர போஸும்தான்.

மார்ச் மாதம் ஜபல்பூருக்கு அருகே, நர்மதைக் கரையை ஒட்டிய திரிபுரியில் மாநாடு கூடியது. ஐம்பத்திரண்டாவது மாநாடு என்பதால் 52 யானைகள் பூட்டிய ஊர்வலம். தலைவர் அதில் இல்லை, அவருடைய படம்தான் ரதத்தில் போனது. 104 டிகிரி காய்ச்சலோடு அவர் ஆம்புலன்ஸில் வந்து இறங்கினார். விஷயாலோசனைக் கமிட்டிப் பந்தலுக்கு அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். மேடையில் படுத்தபடியே தலைமை தாங்கினார். உறவினர்கள் பக்கத்தில் அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள், நெற்றியில் ஐஸ் வைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் சிலர் இதை நடிப்பு என்று பேசியது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வாக்கெடுப்பின் கசப்பு மனிதர்களை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு அந்தப் பேச்சே சாட்சி. காந்தி அங்கே இல்லை. ராஜ்கோட் பிரச்சினைக்காக உண்ணாவிரதம் இருந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

ஐக்கிய மாகாணப் பிரதம மந்திரி கோவிந்த வல்லப பந்த் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கமிட்டி உறுப்பினர்களில் சுமார் 160 பேர் அதற்குக் கையெழுத்திட்டிருந்தார்கள். காந்தியின் தலைமையில் இதுவரை பின்பற்றிய கொள்கையிலும், பழைய காரியக் கமிட்டியிலும் நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானம் அது. அதன் கடைசிப் பகுதியில்தான் கூர்மை இருந்தது. இந்த ஆண்டுக்கான காரியக் கமிட்டியைக் காந்தியின் விருப்பத்துக்கு இணங்க நியமிக்கும்படி தலைவரை அது கேட்டுக்கொண்டது.

நாலணா உறுப்பினராகக்கூட இல்லாத ஒருவரின் விருப்பப்படி, 1,580 வாக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தம் கமிட்டியை அமைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். காந்தியின் மீது எவ்வளவு மரியாதை வைத்தாலும் (எனக்கு அந்த மரியாதை நிறையவே உண்டு) ஓர் அமைப்பின் சட்டதிட்டத்துக்குள் இதற்கு இடம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. இந்தத் தீர்மானம் விதிக்கு முரணானது என்று சொல்லி எடுத்துக்கொள்ளவே மறுத்திருக்கலாம் என்று போஸ் பின்னால் எழுதினார். மறுக்கவில்லை. அவையின் கருத்து தெரியட்டும் என்று விட்டார்.

தீர்மானத்தை ஆதரித்துப் பேசியவர்களில் ராஜாஜியின் பேச்சு பேர்போனது. நர்மதையில் இரண்டு படகுகள் இருக்கின்றன, ஒன்று காந்தி ஓட்டும் பழைய பெரிய படகு, மற்றது புது வண்ணம் பூசிய ஓட்டைப் படகு, எதில் ஏறுவீர்கள் என்ற பொருளில் கேட்டார். விஷயாலோசனைக் கமிட்டியில் தீர்மானம் 218-க்கு 135 என்று நிறைவேறியது. பொது மாநாட்டில் கூச்சல் குழப்பம். நேருவைப் பேச விடாமல் வங்காளப் பிரதிநிதிகள் கத்தினார்கள். மறுநாள் பார்வையாளர்களை விலக்கிவிட்டுப் பிரதிநிதிகள் மட்டும் கூடி அதை நிறைவேற்றினார்கள். ஜனவரியில் போஸுக்கு வாக்களித்த காங்கிரஸ் சோஷலிஸ்டுகள் நடுநிலை வகித்தார்கள். காங்கிரஸ் பிளந்துவிடக் கூடாது என்ற அச்சம் அவர்களுக்கு.

இங்கேதான் கதை நேர்க்கோட்டில் போக மறுக்கிறது. பந்த் தீர்மானத்தை மேலிடம் மட்டும் திணித்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஜனவரியில் வாக்களித்த அதே பிரதிநிதிகள்தான் மார்ச்சில் திரிபுரியில் அமர்ந்திருந்தார்கள். போஸைத் தலைவராகக் கேட்ட ஆளே, காந்தி கூட இருக்க வேண்டும் என்றும் கேட்டார். அவருக்கு இரண்டுமே வேண்டியிருந்தன. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையை உண்டாக்கியவர்கள் தலைவர்கள். ராஜினாமாக்களும், உண்ணாவிரதமும், படகுப் பேச்சும் சேர்ந்து அந்த நெருக்கடியைக் கட்டின. பிரதிநிதி கடைசியில் தமக்குப் பழக்கமான பக்கம் சாய்ந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒன்றரை மாதம் கடிதங்கள். தன்பாத் அருகே ஜியால்கோராவில் ஓய்வெடுத்தபடி போஸ் காந்திக்குக் கடிதமும் தந்தியுமாக அனுப்பினார். தீர்மானம் உங்கள் விருப்பத்தைக் கேட்கச் சொல்கிறது, பெயர்களைச் சொல்லுங்கள் என்பது அவர் வேண்டுகோள். நான் பெயர் சொன்னால் அது உங்கள்மீது திணிப்பாகும், உங்கள் கருத்துக்கு ஒத்தவர்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்பது காந்தியின் பதில். தாமே போட்டுக்கொள்ளத் தீர்மானம் இடம் தரவில்லை, தீர்மானம் சொன்னபடி செய்யக் காந்தி இடம் தரவில்லை. நேருவுக்கு மார்ச் 28-ஆம் தேதி தட்டச்சில் 27 பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கட்சி நண்பர் ஒருவருக்கு எழுதியவற்றில் அவ்வளவு மனம் திறந்த, அவ்வளவு கோபமான கடிதம் வேறு எதையும் போஸின் எழுத்தில் நான் கண்டதில்லை. நேரு அதைப் பாதுகாத்து வைத்து, பிற்காலத்தில் தாமே தம் கடிதத் தொகுப்பில் வெளியிட்டார். தம்மைக் கடிந்து எழுதிய கடிதத்தைத் தாமே அச்சுக்குக் கொடுத்த அந்தப் பண்பையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.

ஏப்ரல் 29, கல்கத்தா வெலிங்டன் சதுக்கம். அகில இந்திய கமிட்டி கூடியது. பழைய கமிட்டியையே மறுபடி நியமித்துவிட்டுத் தலைவராகத் தொடருங்கள் என்று நேரு ஒரு வழி சொன்னார். போஸ் ஏற்கவில்லை. ராஜினாமா செய்தார். அந்த இடத்திலேயே ராஜேந்திர பிரசாத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பிரதிநிதிகள் அனைவரின் வாக்கால் அல்ல, கூடியிருந்த கமிட்டியால். நாலு நாளில் போஸ் பார்வர்ட் பிளாக்கைத் தொடங்கினார். கமிட்டி முடிவுகளை எதிர்த்து ஜூலையில் கண்டன நாள் நடத்தினார் என்பதற்காக, ஆகஸ்டில் அவர் மூன்று ஆண்டுகளுக்குக் காங்கிரஸில் எந்தத் தேர்தல் பதவியும் வகிக்கக் கூடாது என்று காரியக் கமிட்டி தீர்மானித்தது. வங்காள மாகாணக் கமிட்டி தொடர்ந்து அவர் பக்கமே நின்றது. அங்கே மேலிடம் தற்காலிகக் கமிட்டி ஒன்றை நியமித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாணக் கமிட்டி பிடிக்கவில்லையென்றால் அட்-ஹாக் கமிட்டி போட்டுவிடலாம் என்ற வழக்கம் பிற்காலத்தில் எத்தனை மாநிலங்களில் எத்தனை கட்சிகளிடம் வேரூன்றியது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 3-ஆம் தேதி போஸ் சென்னையில் இருந்தார். கடற்கரையில் பெருங்கூட்டத்தின் முன் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் அவர் கையில் மாலைப் பத்திரிகையைக் கொடுத்தார். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்ட செய்தி. அதன் பிறகு அவர் வாழ்க்கை வேறு திசையில் போனது. காங்கிரஸின் கவனமும் கட்சித் தேர்தலிலிருந்து விலகியது.

ஆனால் தமிழ்நாட்டுக் கமிட்டியில் அதே கேள்வி இன்னொரு வடிவில் உடனே வந்தது. 1940 பிப்ரவரியில் மாகாணக் கமிட்டிக்குத் தலைவர் தேர்தல். ராஜாஜியின் ஆதரவு சி.பி. சுப்பையாவுக்கு. சத்தியமூர்த்தியின் பக்கத்தில் நின்றவர் காமராஜ். கமிட்டி உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். காமராஜுக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்றே வாக்கு. திரிபுரிக்குப் பிறகு ஓராண்டுகூட ஆகவில்லை. அதே தலைவர்கள், அதே கசப்பு. ஆனால் இங்கே யாரும் கூட்டாக ராஜினாமா செய்து கமிட்டியை முடக்கவில்லை. அகில இந்தியப் புகழ் பெற்ற சத்தியமூர்த்தி, தாம் வளர்த்த தொண்டரின் தலைமையின் கீழ்ச் செயலாளராக அமர்ந்தார். மூன்று வாக்கில் ஜெயித்தவர் அதன் பிறகு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அந்தக் கமிட்டியைக் கட்டி வளர்த்தார்.

காமராஜுக்கும் மேலே இருந்து நெருக்கடி வராமல் இல்லை. 1946 தொடக்கத்தில் தமிழ்நாடு வந்துபோன காந்தி, ராஜாஜிக்கு எதிராகச் சிறு கும்பல் ஒன்று செயல்படுவதாக ஹரிஜனில் எழுதினார். காமராஜ் மனம் நொந்து, தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். ஆனாலும் மாகாணக் கமிட்டி அவர் பக்கமே இருந்தது. அதே ஆண்டு மேலிடம் ராஜாஜியைப் பிரதம மந்திரியாக்க விரும்பியும் சட்டசபை உறுப்பினர்கள் ஏற்கவில்லை. பிரகாசம் வந்தார். மேலிடம் சொன்னதைக் கீழே இருப்பவர்கள் மறுத்து, மறுத்த பின்னும் கட்சிக்குள்ளேயே தொடர முடிந்தது என்பதைத் திரிபுரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேறுபாடு விதிகளில் இல்லை. மாவட்டம் மாவட்டமாக, ஆளாள் பெயர் தெரிந்து, கமிட்டியைக் கட்டிவைத்திருந்த ஒருவரின் பின்னால் அந்த வாக்குகள் இருந்தன. போஸின் 1,580 பேர் அவரை நேசித்தார்கள். ஆனால் வங்காளத்துக்கு வெளியே அவர்களைச் சேர்த்துப் பிடித்துவைக்க அவருக்கு ஓர் அமைப்பு இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு இதே நாடகம் ஆளுங்கட்சியின் மேடையில் மறுபடி நடந்தது. 1950-இல் நாசிக் மாநாட்டுக்கான தேர்தலில் புருஷோத்தம தாஸ் டாண்டன் 1,306 வாக்கும், கிருபளானி 1,092 வாக்கும், சங்கரராவ் தேவ் 202 வாக்கும் பெற்றார்கள். போஸை விலகச் சொல்லிப் பர்தோலியில் கையெழுத்திட்டவர்களில் இருவர் இப்போது தாங்களே போட்டியில் இறங்கியிருந்தார்கள். ஜெயித்த டாண்டனைப் பிரதமர் நேரு விரும்பவில்லை. ஓராண்டு ஆனதும் டாண்டன் ராஜினாமா செய்தார், நேருவே கட்சித் தலைவரும் ஆனார். பிரதமர் பதவியும் கட்சித் தலைமையும் ஒரே கையில் சேர்ந்த அந்தப் பன்னிரண்டு மாதத்தின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)